ஊத மறுத்தவன்

அத்தியாயம் 6

"கேஸ் எப்டியாச்சும் போவட்டும் சார். அந்தக் கார்ல எங்க ஊட்டுக்காரர் கூட இருந்தவ யாரு? அதைக் கண்டுபிடிச்சிக் குடுங்க. அது போதும் எனக்கு."

ஷைனி சொல்லி முடித்து, நாற்காலியை மேஜைக்கு நெருக்கி இழுத்துப் போட்டுக்கொண்டாள். கவரைப்பேட்டையில் ஒரு டயர் கடையின் மாடி அறை அது. எதிரே உட்கார்ந்திருந்தவர் மணவாளன். இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்காக நொறுங்கிய வண்டிகளைத் துருவிப் பார்த்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிகிறவர். ஜன்னல் திட்டில் உட்கார்ந்து இட்லி தின்று கொண்டிருந்தவள் அவருடைய உதவியாளர் ஹெலன். முன்பு கால்டாக்ஸி ஓட்டியவள். இப்போது மணவாளனின் ஆம்னி வேனையும், சமயம் கிடைத்தால் மணவாளனையும் ஓட்டுகிறவள்.

"யக்கா, புருஷன் உள்ள போயிடுவான்னு அழுதுக்கினு வந்தவங்களப் பார்த்திருக்கேன். புருஷன் போனா போவட்டும், கூட இருந்தவ யாருன்னு கேட்டுக்கினு வந்த மொத ஆளு நீதான்," என்றாள் ஹெலன்.

ஷைனிக்கு அவளைப் பிடிக்கவில்லை. கும்மிடிப்பூண்டி மெடிக்கல் ஷாப் ஒன்றில் நாள் முழுக்க நின்றபடி பில் போடுகிறவள் ஷைனி. முப்பத்திரண்டு வயசு. ஒரு ஆம்பளைக்கு எதிரே காலை ஆட்டிக்கொண்டு இட்லி தின்னும் பெண்களை அவளுக்குப் பொதுவாகவே பிடிக்காது. கடந்த இருபத்துநாலு நாளாக எந்தப் பெண்ணையும் பிடிக்கவில்லை.

இருபத்துநாலு நாளைக்கு முன்னால், ஒரு சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி. ஆரணியிலிருந்து பெரியபாளையம் போகிற ரோட்டில், அவள் கணவன் ராபினின் பழைய ஆல்ட்டோ கார் ஒரு மொபட்டை இடித்தது. மாட்டுக்குப் புல்லுக்கட்டு ஏற்றி வந்த விவசாயி அருணாச்சலத்துக்குத் தொடை எலும்பு முறிந்தது. தலையிலும் அடி. இன்னும் சென்னையில் பெரியாஸ்பத்திரிக் கட்டிலில்தான் இருக்கிறார்.

ராபின் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் ஷிப்ட் சூப்பர்வைசர். ஞாயிற்றுக்கிழமை சபை தவறாதவன். கல்யாண வீட்டில் பாட்டில் திறந்தால் செருப்பைத் தேடுகிறவன். அந்த ராபின், கூடிய கூட்டத்துக்கு நடுவில் கைகூப்பி நின்று சொன்னான்:

"நான்தான் ஓட்டினேன். குடிச்சிருந்தேன். மன்னிச்சிடுங்க."

யாரோ அதை வீடியோ எடுத்தார்கள். சிப்காட்டில் அதைப் பார்க்காத போன் கிடையாது. ஷைனியும் நூறு தடவை பார்த்திருப்பாள். கணவனின் முகத்தை அவள் பார்க்கவில்லை. அவனுக்குப் பின்னால், காருக்குள், புடவையோ சுடிதாரோ தெரிகிறதா என்றுதான் பார்த்தாள்.

கைப்பையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்து மேஜை மேல் வைத்தாள். உள்ளே காய்ந்து சுருங்கிய கனகாம்பரச் சரம், ரெண்டு வேப்பிலை.

"ஸ்டேஷனுக்கு ஆர்.சி. புக் குடுக்கப் போனப்ப கார்ல கெடந்தது சார். எங்க சபையில பொம்பளைங்க பூ வைக்க மாட்டோம்."

"கார்ல எங்கே கிடந்தது?"

"பின் சீட்ல."

"யார் மேல சந்தேகம்?"

"தமிழ்செல்வி." பெயரைச் சொல்லும்போதே நாக்கில் கசந்தது. "அவரு கம்பெனிதான். குவாலிட்டி செக்சன். ஆரணி பக்கம் நெலம் நீச்சு உள்ள ஊட்டுப் பொண்ணு."

"இந்தச் சந்தேகத்தை வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"என் தம்பி குணா கிட்ட மட்டும். அதுவும் ஆக்சிடென்ட்டுக்கு முந்தி. அவனும் சிப்காட்லதான் வேலை செய்யறான், அதனால."

மணவாளன் தலையாட்டிவிட்டு, ஷைனி கொண்டுவந்த குற்றப்பத்திரிகை நகலைப் புரட்டினார். "ஒப்புக்கிட்ட கேஸுங்கறதால போலீஸ் சீக்கிரமா முடிச்சிட்டாங்க. இன்னிக்கு மத்தியானம் பொன்னேரி கோர்ட்ல உங்க வீட்டுக்காரர் இன்னா சொல்லப் போறாரு?"

"குத்தத்த ஒத்துக்கப் போறாராம். வக்கீல் சந்திரமோகன் வேணாம்னு சொல்லியும் கேக்கல."

மணவாளன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அம்மா, போலீஸ்காரர் கிட்ட ஒருத்தன் குத்தத்தை ஒத்துக்கிட்டா கோர்ட்ல அது செல்லாது. போலீஸ் வர்றதுக்கு முந்தி ஊர்க்காரங்க முன்னால சொன்ன வீடியோ இருக்கே, அது கொஞ்சம் கனமான சமாச்சாரம். அதைக்கூட வக்கீல் போராடிப் பார்க்கலாம். ஆனா மாஜிஸ்ட்ரேட் கேக்கும்போது 'ஆமாம்'னு சொல்லிட்டா, அதோட முடிஞ்சது."

"காஞ்ச சிமெண்ட்டு," என்றாள் ஹெலன். "அப்பால சுத்தியலால ஒடைச்சாத்தான் உண்டு."

"லைசென்ஸ் போகும். மூணு வருஷம் வரைக்கும் தண்டனை போடலாம். அடிபட்டவருக்கு இன்சூரன்ஸ்காரன் குடுத்துட்டு, குடிச்சி ஓட்டினவன் கிட்டயே வசூல் பண்ணணும்னு திரும்பி வருவான். நாளைக்கே அந்தப் பெரியவருக்கு ஏதாவது ஆச்சுன்னா கேஸ் மறுபடி எழுந்து நிக்கும். தெரிஞ்சே சாவடிச்சான்னு பத்து வருஷம் வரைக்கும் போற பிரிவுல கொண்டு போய்ச் செருகுவாங்க. அப்ப இந்த 'ஆமாம்' முன்னால வந்து சாட்சி சொல்லும்."

ஷைனி முதல் முறையாகக் குற்றப்பத்திரிகையின் பக்கம் கண்ணைத் திருப்பினாள். ஆனால் அடுத்த நிமிஷமே, இவ்வளவையும் எவளுக்காகச் சுமக்கிறான் என்ற கேள்வி வந்து அதன் மேல் உட்கார்ந்து கொண்டது.

"ஒரு வரி இங்க இடிக்குது," என்றார் மணவாளன், காகிதத்தில் விரலை வைத்து. "போலீஸ் மிஷினை நீட்டினப்ப உங்க வீட்டுக்காரர் ஊத மறுத்துட்டார். ஆஸ்பத்திரியில ரத்தமும் குடுக்கல. மறுத்தா அதையே எதிரா எடுத்துக்கலாம்னு சட்டத்துல இருக்கு. அதுக்கும் அவர் அசரல."

"ஆமா சார்."

"குடிச்சதை மறைக்கிறவன் ஊத மாட்டேம்பான், நியாயம். குடிச்சேன்னு ஊரைக் கூட்டிச் சொன்னவன் எதுக்கு வாயை மூடிக்கிட்டான்?"

ஹெலன் திட்டிலிருந்து குதித்தாள். "ஊதினா வெறுங்காத்துதான் வரும்னு அவருக்குத் தெரியும் சார்!"

"அன்னிக்கு அவர் போட்டிருந்த சட்டையை நீங்கதானே துவைச்சீங்க?" மணவாளன் ஷைனியைப் பார்த்தார். "வாடை?"

"நாறுச்சு. பீரு. ரெண்டு தடவ சோப்புப் போட்டேன்." ஷைனி யோசித்தாள். அன்றைக்கு அவள் கணவனின் முகத்தருகே போய் முகர்ந்தது உண்மை. வேறொருத்தி வாசனைக்காக முகர்ந்தாள். "ஆனா வாயில வரல சார்."

"சட்ட குடிச்சிருக்கு. ஆளு குடிக்கல," என்றாள் ஹெலன்.

"அடி எங்கே பட்டிருந்தது அவருக்கு?"

"தோள்லேர்ந்து நெஞ்சுக்குக் குறுக்க, பட்டையா கன்னிப் போயிருந்தது. சீட் பெல்ட் அழுத்தினதுன்னாரு. நான்தான் ஒத்தடம் குடுத்தேன்."

"எந்தத் தோள்?"

ஷைனி கண்ணை மூடி, ஒத்தடம் கொடுத்த கையை நினைவில் நகர்த்தினாள். "இடது தோள்."

மணவாளன் எழுந்துவிட்டார். "நம்ம ஊர் வண்டியில ஓட்டறவன் பெல்ட் வலது தோள்ல ஏறும். இடது தோள்ல ஏறினா, அந்த ஆள் பக்கத்து சீட்ல உட்கார்ந்திருந்தான்னு அர்த்தம். ஹெலன், வண்டியை எடு."

ஷைனி எழவில்லை. கணவன் ஓட்டவில்லை, குடிக்கவில்லை என்று ஒருவர் சொல்கிறார். மனைவிக்குச் சந்தோஷம் வரவேண்டும். அவளுக்கு வந்தது வேறு.

"அப்ப அவளுக்கு ஓட்டக் கத்துக் குடுத்துக்கினு இருந்தாரா?" என்றாள். "மூணு வருஷமா நான் கேக்கறேன், எனக்கு ஸ்கூட்டி ஓட்டக்கூட சொல்லித் தரல."

ஹெலன் மணவாளனைப் பார்த்தாள். மணவாளன் மேற்கூரையைப் பார்த்தார்.

ஸ்டேஷன் பக்கத்துக் காலி மனையில், பிடிபட்ட மணல் வண்டிகளுக்கு நடுவே ராபினின் ஆல்ட்டோ நின்றது. முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு பிதுங்கி, புழுதி படிந்திருந்தது. காரைத் திரும்ப எடுக்க ராபின் மனுவே போடவில்லை என்று ஏட்டு சொன்னார். மணவாளனைப் பல வருஷமாகத் தெரிந்தவர் என்பதால், "பாருங்க, எதையும் எடுக்காதீங்க" என்று விட்டுவிட்டுப் போனார்.

மணவாளன் கதவைத் திறந்ததும் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்தார். ஓட்டுநர் காலடியில் பாட்டில் சில்லு. மிதியடி முழுக்கப் பழைய பீர் காய்ந்த பிசுக்கு.

"இதனாலதான் குடிச்சேன்னு சொல்ல வேண்டி வந்திருக்கு," என்றார். "வண்டியே நாறும்போது, ஓட்டினது நான்னு மட்டும் சொன்னா கூட்டம் விடாது. குடிச்சவன் எங்கேன்னு தேடும். அதனால ரெண்டையும் தன் தலையில போட்டுக்கிட்டார். மீதி பீரைச் சட்டையில ஊத்திக்கிட்டார். ஷைனி, நீங்க ஓட்டறவர் சீட்ல உட்காருங்க. ஹெலன், நீ பின்னாடி, பூ கிடந்த இடத்துல."

ஷைனி உட்கார்ந்தாள். சூடேறிய சீட்.

"இப்ப நிமிர்ந்து, நடுவுல இருக்கற கண்ணாடியைப் பாருங்க. பின்னால வர்ற ரோடு தெரியுதா?"

தெரியவில்லை. கண்ணாடி இடது பக்கமாக நன்றாகத் திருகியிருந்தது. அதில் ஹெலனின் முகம் மட்டும், போட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி, நெற்றி முதல் மோவாய் வரை தெரிந்தது.

"இவங்க மூஞ்சிதான் தெரியுது."

"இடிச்சதுல திரும்பியிருக்கும் சார்," என்றாள் ஹெலன்.

"இடிச்சிருந்தா தொங்கும். இது இறுக்கமா நிக்குது."

"ஏட்டய்யா தல சீவறதுக்குத் திருப்பியிருந்தா?" என்றவள், தூரத்தில் ஏட்டின் வழுக்கையைப் பார்த்துவிட்டு, "வாபஸ்," என்றாள்.

மணவாளன் குனிந்து ஜன்னல் வழியாகச் சொன்னார். "அம்மா, அன்னிக்கு இந்தக் கார்ல மூணு பேர். இடது பக்கம் உங்க வீட்டுக்காரர். பின்னால ஒரு பொண்ணு. இந்த சீட்ல குடிச்ச ஆள் ஒருத்தன். அவன் ரோட்டைப் பார்த்து ஓட்டல. இந்தக் கண்ணாடியில அந்தப் பொண்ணு முகத்தையே பார்த்துக்கிட்டு ஓட்டியிருக்கான். யாரைப் பார்க்கறா, எதுக்குக் கண் கலங்கறா, முன்சீட்டுக்காரனைப் பார்க்கறாளா... பொறாமை புடிச்ச கைதான் கண்ணாடியை இப்படித் திருப்பும்."

ஷைனி ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுத்தாள். அந்தக் கை யாருடையது என்று தெரியாது. ஆனால் அது செய்த வேலை அவளுக்கு நன்றாகத் தெரியும். கம்பெனி ஆயுத பூஜை போட்டோவை போனில் போட்டு, தமிழ்செல்வியின் கண் எந்தப் பக்கம் போகிறது என்று விரல்களால் பெரிசு பண்ணிப் பெரிசு பண்ணிப் பார்த்தவள் அவள்.

"அப்ப அவளுக்கு ஆசப்பட்டவங்க ரெண்டு பேரா?" என்றாள். குரல் அவளுக்கே அசிங்கமாகக் கேட்டது. "சண்டைக்கு எங்க ஊட்டுக்காரர் வேறயா?"

"யக்கா," ஹெலன் பின்சீட்டிலிருந்து நிதானமாகச் சொன்னாள். "ஆசப்பட்டவ முன்னாடி வந்து குந்துவா. பின்னாடி குந்தறவ பாசஞ்சரு. ஆயிரம் சவாரி ஓட்டின அனுபவத்துல சொல்றேன்."

சிப்காட் சாலையில் லாரிகள் வரிசையாக நின்றன. பகல் பன்னிரண்டேகாலுக்குச் சங்கு ஊதியதும் நீலச் சட்டைகள் டீக்கடைக்கு வந்தன. தமிழ்செல்வி டிபன் பாக்ஸோடு ஓரமாக வந்தாள். இருபத்தைந்து வயசு. போட்டோவில் பார்த்ததைவிட இளைத்திருந்தாள். கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ஷைனி அதைப் பார்த்து ஒரு கணம் சந்தோஷப்பட்டாள். பிறகு, யாரை நினைத்து இளைத்தாள் என்று எரிந்தாள்.

வேனிலிருந்து முதலில் இறங்கியது ஷைனிதான்.

"இன்னா, அடையாளம் தெரியுதா? ராபின் பொண்டாட்டி."

தமிழ்செல்வியின் முகம் வெளுத்தது. "தெரியும்க்கா. ராபின் அண்ணன் எப்டி..."

"அண்ணனா? கார்ல வேப்பிலையும் பூவுமா போட்டுக்கினு போறதுக்கு அண்ணனா?"

டீ குடித்துக் கொண்டிருந்த நாலு பேர் திரும்பினார்கள். மணவாளன் நடுவில் வந்து நின்றார். ஹெலன் தமிழ்செல்வியின் தோளைப் பிடித்து வேன் மறைவுக்கு அழைத்துப் போனாள்.

"பயப்படாதம்மா," என்றார் மணவாளன். "நாங்க போலீஸ் இல்ல. இன்னும் ரெண்டு மணி நேரத்துல ராபின் கோர்ட்ல நின்னு, செய்யாத குத்தத்தை ஒத்துக்கப் போறார். ஒரே ஒரு கேள்வி. கண்ணாடியில உன் முகத்தையே பார்த்துக்கிட்டு அந்த வண்டியை ஓட்டினது யாரு?"

தமிழ்செல்வி டிபன் பாக்ஸைத் தரையில் வைத்தாள். அவள் மணவாளனைப் பார்க்கவில்லை. ஷைனியைப் பார்த்தாள்.

"அக்காவுக்கே தெரியாதா?"

"என்ன ஏன் கேக்கற?"

"உங்க தம்பிதான்க்கா. குணா."

ஒரு லாரி ஹாரன் அடித்தபடி கடந்து போனது. ஷைனிக்கு அது எங்கோ வேறு ஊரில் கேட்ட மாதிரி இருந்தது.

தமிழ்செல்வி அழுதுகொண்டே சொன்னாள். அவளும் குணாவும் ரெண்டு வருஷமாகப் பழகுகிறார்கள். அவள் வீட்டில் தெரிந்தால் அண்ணன்கள் ரெண்டு பேரும் குணாவை உயிரோடு விடமாட்டார்கள். சாதி ஒரு பக்கம், மதம் ஒரு பக்கம். வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கியதும், அவளுக்குப் போய்க் கேட்க ஒரே ஆள்தான் இருந்தார். குணாவின் மாமா ராபின். பதிவுக் கல்யாணத்துக்கு வழி பண்ணுகிறேன் என்று அவர் சொன்னார். அந்தச் சனிக்கிழமை பெரியபாளையம் கோயிலுக்குப் போன அவளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு, குணா நிற்கச் சொன்ன இடத்துக்குப் போனார்.

"குணா குடிச்சிட்டு நின்னுக்கினு இருந்தாரு. கையில வேற பாட்டில். எங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்த்ததும் பேய் புடிச்ச மாதிரி கத்தினாரு. 'சாவியக் குடு, நான்தான் ஓட்டுவேன்'னு ஒரே பேஜாரு. ரோட்ல ஆளுங்க நின்னுட்டாங்க. எங்க ஊரு பக்கத்துலதான். என்னை யாராச்சும் பார்த்துடுவாங்கன்னு ராபின் அண்ணன் சாவியக் குடுத்துட்டாரு. லைசென்ஸ் கூட இல்ல அவருக்கு. வழி முழுக்க என்னையே பார்த்துக்கினு, 'எங்க மாமா கூட எத்தினி நாளா?'ன்னு கேட்டுக்கினே ஓட்டினாரு. யாரு சொன்னதுன்னு கேட்டேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "'எங்க அக்கா சொன்னா. அக்கா பொய் சொல்லாது'ன்னாரு. அப்பதான் அந்த மொபட்டு..."

ஹெலன் அவளிடம் ஒரு கர்ச்சீப்பை நீட்டினாள்.

"ராபின் அண்ணன்தான் எங்கள வயல் வழியா ஓடச் சொன்னாரு. பெரியவரத் தூக்கி மடியில வெச்சிக்கினு 108-க்கு போன் போட்டாரு. அன்னிலேர்ந்து குணா எங்கிட்ட பேசறதில்லக்கா. 'மாமா அனுபவிக்கட்டும், எனக்குப் பண்ண துரோகத்துக்கு'ன்னு ஒரே ஒரு மெசேஜ்."

ஷைனி வேன் கதவைப் பிடித்துக்கொண்டாள். தமிழ்செல்வியின் கையைப் பிடிக்க வேண்டும் என்று தோன்றியது. எந்த முகத்தோடு பிடிப்பது என்று தெரியவில்லை.

பொன்னேரி ரோட்டில் ஹெலன் வேனை விரட்டினாள். மணி ஒன்றரை.

"இப்ப பூட்டு ஒரு இடத்துல இருக்கு," என்றார் மணவாளன். "குணா தானா வந்து சொல்லணும். தமிழ்செல்வியைக் கூண்டுல ஏத்தினா அவ வீட்ல கொலை விழும். அவனோட வாயைப் பொறாமை அடைச்சிருக்கு. அதைத் திறக்கற சாவி எங்கேன்னு உங்களுக்கே தெரியும்."

ஷைனி போனை எடுத்தாள். மூன்றாவது மணியில் குணா எடுத்தான். பின்னால் மிஷின் சத்தம்.

"இன்னாக்கா? டூட்டில இருக்கேன்."

"குணா, உங்க மாமாவப் பத்தியும் தமிழ்செல்வியப் பத்தியும் ஒண்ணு சொன்னேன் இல்ல? அது நான் பார்த்ததில்லடா."

மிஷின் சத்தம் குறைந்தது. அவன் வெளியே நடந்து வருகிறான் போலிருந்தது.

"பஸ் ஸ்டாண்டுல கையப் புடிச்சிக்கினு நின்னாங்க, ரெண்டு கண்ணால பார்த்தேன்னியே."

"போட்டோவுல பார்த்தேன். மூணு ஆளு தள்ளி நின்னுக்கினு இருந்தா. மீதிய நானே சேத்துக்கினேன்."

மணவாளன் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். இதை அவரிடம்கூட அவள் சொல்லியிருக்கவில்லை.

"ஏங்க்கா?"

"வயித்தெரிச்சல்டா. சோறு துன்னும்போது ஒரு நாள், 'அந்தப் பொண்ணு வேலையில கெட்டி'ன்னு ஒரு வார்த்த சொன்னாரு. அவ்ளோதான். என்னை ஒரு நாளும் அப்டி சொன்னதில்லயேன்னு... உன்கிட்ட சும்மா சொன்னா கண்டுக்க மாட்ட. அதான் கையப் புடிச்சாங்கன்னு சொன்னேன். அவ உன் ஆளுன்னு எனக்குத் தெரியாதுடா. தெரியாது குணா."

லைன் அறுந்தது.

திரும்பப் போட்டாள். ஸ்விட்ச் ஆஃப்.

ஹெலன் ஒரு கையால் ஓட்டிக்கொண்டே தண்ணீர் பாட்டிலைப் பின்னால் நீட்டினாள். "குடி யக்கா," என்றாள்.

கோர்ட் வராந்தாவில் ராபின் வெள்ளைச் சட்டையில் நின்றிருந்தான். குள்ளமான, சதைப்பிடிப்பான மனிதன். கடைசியாக அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று ஷைனி நினைத்துக்கொண்டாள். பக்கத்தில் வக்கீல் சந்திரமோகன் கேஸ் கட்டுகளோடு சலித்துப் போய் நின்றார். இன்னும் ரெண்டு கேஸ் தாண்டினால் இவர்கள் பெயர்.

மணவாளன் சுருக்கமாகத் தன்னை யாரென்று சொன்னார். ராபின் மனைவியின் முகத்தைப் பார்த்தான். அதிலேயே விஷயம் புரிந்துவிட்டது.

"தமிழ்செல்வி சொல்லிட்டாளா?"

ஷைனி தலையசைத்தாள்.

"அப்பவும் நான் ஒத்துக்கத்தான் போறேன் சார்," என்றான் ராபின், மணவாளனிடம். "குடிச்சிருக்கான்னு தெரிஞ்சே சாவியக் குடுத்தது நான். அந்தப் பெரியவர் காலு ஒடைஞ்சதுல எனக்குப் பங்கு இருக்கு."

"இருக்கு. லைசென்ஸ் இல்லாதவன் கையில வண்டியைக் குடுத்ததுக்கும் போலீஸுக்குப் பொய் சொன்னதுக்கும் உங்க மேல தனிக் கேஸ் வரும். அதை ஒத்துக்குங்க, நான் தடுக்கல. அடுத்தவன் பங்கை ஒத்துக்காதீங்க. மாஜிஸ்ட்ரேட் முன்னால பொய்யா 'ஆமாம்'னு சொன்னா அதுக்குப் பேரு தியாகம் இல்ல ராபின். இன்னொரு குத்தம்."

"அவன் வர மாட்டான் சார். அவன் மனசுல நான் துரோகி."

உள்ளே டவாலி ஒரு பெயரைக் கூப்பிட்டார். இவர்களுடையது இல்லை. அடுத்தது இவர்கள்.

அப்போதுதான் கேட் அருகே ஷேர் ஆட்டோ ஒன்று நின்றது. கம்பெனி சட்டையோடு, எண்ணெய்க் கறை படிந்த கையோடு குணா இறங்கினான். நெட்டையன். வழக்கமாக நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவன். இன்றைக்குத் தரையைப் பார்த்து நடந்து வந்தான். அக்காவைக் கடந்து போனான். அவளைப் பார்க்கவில்லை. மாமாவுக்கு எதிரே போய் நின்றான்.

"மாமா." வக்கீல் பக்கம் திரும்பினான். "நான்தான் சார் ஓட்டினேன். குடிச்சிருந்தேன்."

"மெதுவா," என்றார் மணவாளன். "இதை வராந்தாவுக்குச் சொல்லாதே. வக்கீலுக்குச் சொல்லு. உன் ரத்தத்துல இருந்த பீரு இருபத்துநாலு நாளைக்கு முந்தியே போயிடுச்சு. அதை நிரூபிக்க இனிமே எந்த மிஷினாலயும் முடியாது. ஆனா நீ ஓட்டினது, லைசென்ஸ் இல்லாம ஓட்டினது, அடிபட்டவரைப் போட்டுட்டு ஓடினது, இதெல்லாம் ஆவியாகாது. ஜெயில் வாசல் வரைக்கும் போகத் தயாரா?"

"தயார் சார். தமிழ் பேர மட்டும் யாரும் எடுக்க வேணாம்."

"பின்சீட்ல யார் இருந்தாங்கன்னு கேட்டா?"

"ஆண்டவர் இருந்தார்னு சொல்லு," என்றாள் ஹெலன். "சம்மன் அனுப்ப முடியாது."

சந்திரமோகன் உள்ளே ஓடினார். குற்றத்தை ஒப்புக்கொள்ளவில்லை, உண்மையான ஓட்டுநர் வந்திருக்கிறார், மறுவிசாரணைக்கு மனுப் போட அவகாசம் வேண்டும் என்றார். பதினைந்து நாள் வாய்தா கிடைத்தது. நாலு மணிக்கு அவர் குணாவைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குக் கிளம்பினார். படியிறங்கும்போது குணா ஒரு தடவை திரும்பி அக்காவைப் பார்த்தான். கோபமா, மன்னிப்பா என்று அவளால் படிக்க முடியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள இன்னும் வெகுநாள் ஆகும் என்று மட்டும் தெரிந்தது.

வராந்தா காலியாயிற்று. ராபின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். ஷைனி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம் இல்ல?" என்றாள். "இத்தினி நாளும் ஒரே ஊட்ல இருந்துக்கினு. ஒரு வார்த்த."

ராபின் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டான். அவன் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

"ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த அன்னிக்கு ராத்திரியே சொல்லத்தான் இருந்தேன். நீ ஒத்தடம் குடுத்துக்கினே கேட்ட, 'கூட இருந்தவ யாரு?'ன்னு. காலையில எழுந்ததும் கேட்ட. டெய்லி கேட்ட. 'வண்டிய யாரு ஓட்டினது?'ன்னு நீ ஒரு தடவகூட கேக்கல ஷைனி."

வேனில் ஏறப் போன ஹெலன் கதவைச் சாத்தாமல் நின்றுவிட்டாள்.

ஷைனி நகர்ந்து அவன் பக்கத்தில் வந்தாள்.

"இப்ப கேக்கறேன்," என்றாள். "யாரு ஓட்டினது?"

"குணா," என்றான் ராபின். அந்த ஒரு பெயரைச் சொல்லி முடித்ததும், முகத்தை ரெண்டு கையாலும் மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தான்.